1729ஆவது மகன்: கார்ட்டூனுக்குள் ஒளித்து வைத்த கணக்கு

உலகத்தில் நடப்பதையெல்லாம் சிம்சன்ஸ் கார்ட்டூன் முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று ஒரு வீடியோ, ஏதாவது பெரிய சம்பவம் நடந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் வந்து விழும். அவற்றில் பல, சம்பவம் நடந்த பிறகு யாரோ வரைந்து ஒட்டியவை. டிரம்ப் எஸ்கலேட்டரில் இறங்கி வரும் காட்சி 2000இலேயே வந்துவிட்டது என்று சுற்றுகிறதே, அது 2015இல், அவர் உண்மையிலேயே அப்படி இறங்கி வந்து தேர்தலில் நிற்பதாக அறிவித்த பிறகு, அதைப் பார்த்து வரைந்த ஒரு குறும்படத்தில் இருப்பது. 2000இல் வந்த எபிசோடில் டிரம்ப் அதிபராக இருந்து போனதாக ஒரு வசனம் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஜோசியப் பேச்சு எனக்கு வருத்தம் தருவதற்குக் காரணம், அதே கார்ட்டூனில் நிஜமாகவே ஒளித்து வைத்த விஷயங்கள் இருக்கின்றன, அவை இந்தக் கட்டுக்கதைகளைவிடப் பல மடங்கு அழகானவை, அவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் குறைவு. அதிலும் சிம்சன்ஸிலும், அதை உருவாக்கிய மாட் கிரெய்னிங் 1999இல் தொடங்கிய பியூச்சராமா என்ற கார்ட்டூன் தொடரிலும் புதைந்திருக்கும் கணக்கு, நம் ஊர் ராமானுஜனின் நோட்டுப் புத்தகம் வரை போகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேமரா வைத்து எடுக்கும் படத்தில் பின்னால் போகும் காரின் நம்பர் பிளேட் தற்செயலாக அமையலாம். கார்ட்டூனில் அப்படி எதுவும் தானாக வந்து உட்காராது. சுவரில் ஒரு எண் இருந்தால், அதை யாரோ ஒருவர் வரைந்திருக்கிறார், அதற்கு முன்னால் என்ன எண் போடலாம் என்று யாரோ யோசித்திருக்கிறார். பெரும்பாலான இடங்களில் வாய்க்கு வந்த எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் சிம்சன்ஸ் எழுத்தாளர் அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு மாதிரி ஆட்கள். அல் ஜீன் 16 வயதில் ஹார்வர்டில் கணிதம் படிக்கப் போனவர். ஜெஃப் வெஸ்ட்புரூக் யேல் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர். கென் கீலர் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கி, பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு எழுத வந்தவர். டேவிட் எக்ஸ். கோஹன் ஹார்வர்டில் இயற்பியலும் பெர்க்லியில் கணினி அறிவியலும் படித்தவர். இவர்கள் வாய்க்கு வந்த எண்ணைப் போட மாட்டார்கள்.

அப்புறம், வீட்டுக்கு வீடு விசிஆர் வந்த காலமும் அதுதான். எபிசோடைப் பதிவு செய்து, பொத்தானை அழுத்திக் காட்சியை நிறுத்திப் பார்க்கலாம் என்ற நிலை வந்ததும், நிறுத்திப் பார்த்தால் மட்டுமே தெரியும் நகைச்சுவையை எழுதுவது சாத்தியமாயிற்று. கண் சிமிட்டுவதற்குள் போய்விடும் ஒரு பலகையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். பார்க்காதவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, கதை அது பாட்டுக்குப் போகும்.

1995 அக்டோபரில் வந்த ஹாலோவீன் சிறப்பு எபிசோடில், சிம்சன்ஸ் குடும்பத்தின் அப்பா ஹோமர் தன் தட்டையான உலகத்திலிருந்து முப்பரிமாண உலகத்துக்குள் விழுந்துவிடுவார். அவரைச் சுற்றி எண்களும் சமன்பாடுகளும் மிதக்கும். அதில் ஒன்று இது:

1782¹² + 1841¹² = 1922¹²

கணக்கில் கொஞ்சம் ஆர்வம் இருப்பவருக்கு இதைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போடும். ஏனென்றால் இப்படி ஒன்று இருக்கவே முடியாது என்பதுதான் ஃபெர்மாவின் கடைசித் தேற்றம். இரண்டாம் அடுக்குக்கு 3² + 4² = 5² என்று எத்தனையோ விடைகள் உண்டு, ஆனால் மூன்றாம் அடுக்கிலிருந்து மேலே போனால் முழு எண்களில் ஒரு விடைகூடக் கிடையாது என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா எழுதி வைத்தார். 350 ஆண்டுகளுக்கு மேல் யாராலும் நிரூபிக்க முடியாமல் கிடந்து, ஆண்ட்ரூ வைல்ஸின் நிரூபணம் அச்சில் வந்ததே 1995இல்தான். அதே வருடம் ஒரு கார்ட்டூன் அந்தத் தேற்றத்தைப் பொய்யாக்குவது மாதிரி ஒரு சமன்பாட்டைக் காட்டுகிறது. சரி, கால்குலேட்டரை எடுத்துப் பார்ப்போம் என்று அழுத்தினால், பத்து இலக்கம் காட்டும் சாதாரணக் கால்குலேட்டரில் இரண்டு பக்கமும் 2.541210259 என்றே வரும், பின்னால் வரும் பத்தின் அடுக்கு உட்பட ஒரே விடை!

உண்மையில் இரண்டும் சமம் இல்லை. 40 இலக்க எண்கள் இரண்டு, முதல் 9 இலக்கம் மட்டும் ஒத்துப்போகின்றன, பத்தாவது இலக்கத்தில் பிரிகின்றன, கால்குலேட்டர் அங்கே முழுமையாக்கிவிடுவதால் வித்தியாசம் மறைந்துபோகிறது. இப்படிக் கிட்டத்தட்ட சரியாக வரும் எண்களைத் தேடுவதற்கென்றே கோஹன் ஒரு கணினி நிரல் எழுதினார். ஓரிரு நொடி தெரியும் ஒரு பிரேமுக்காக!

இதைப் பொய் என்று கண்டுபிடிக்கக் கால்குலேட்டரே தேவையில்லை என்பது இன்னும் சுவையானது. 1782 இரட்டைப்படை, அதை எத்தனை தடவை பெருக்கினாலும் இரட்டைப்படைதான். 1841 ஒற்றைப்படை, அது எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும். இரண்டையும் கூட்டினால் ஒற்றைப்படை வரும், ஆனால் வலது பக்கம் 1922, இரட்டைப்படை. கதை முடிந்தது. இதை ரசிகர்கள் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். கோஹனும் விடவில்லை. 1998இல் ஹோமர் எடிசன் மாதிரி கண்டுபிடிப்பாளர் ஆக ஆசைப்படும் எபிசோடில், அவர் எழுதும் கரும்பலகையில் அடுத்தது வந்தது:

3987¹² + 4365¹² = 4472¹²

இந்த முறை ஒற்றைப்படை, இரட்டைப்படைச் சோதனையில் மாட்டாது. ஒற்றையும் ஒற்றையும் கூடி இரட்டை. கால்குலேட்டரிலும் மாட்டாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்த இன்னொரு சோதனை இருக்கிறதே, இலக்கங்களைக் கூட்டி மூன்றால் வகுபடுகிறதா என்று பார்ப்பது, அதில் மாட்டிக்கொள்ளும். 3987இன் இலக்கங்களைக் கூட்டினால் 27, 4365க்கு 18, இரண்டும் மூன்றால் வகுபடும். 4472க்கு 17, வகுபடாது. மூன்றின் மடங்குகள் இரண்டைக் கூட்டினால் மூன்றின் மடங்குதான் வர வேண்டும் என்பதால் இதுவும் பொய். பன்னிரண்டாம் அடுக்கு என்று பயமுறுத்தும் ஒரு சமன்பாட்டை ஐந்தாம் வகுப்புக் கணக்கை வைத்துச் சாய்த்துவிடலாம்.

அதே கரும்பலகையில் இன்னொரு சமன்பாடும் இருக்கிறது, அதை வைத்து, ஹிக்ஸ் போசான் என்ற அணுத்துகளின் நிறையை 14 வருடத்துக்கு முன்பே ஹோமர் கண்டுபிடித்துவிட்டார் என்று செய்திகள்கூட வந்தன. கோஹனின் நண்பரான வானியலாளர் டேவிட் ஷிமினோவிச் கொடுத்த சமன்பாடு அது. அதைப் போட்டுப் பார்த்தால் சுமார் 775 கிகா எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையை அளக்கும் அலகு) வரும், 2012இல் உண்மையில் கிடைத்தது சுமார் 125. ஆறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆகவே இதையும் ஜோசியக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 1998இல் யாருமே கண்டுபிடிக்காத ஒரு துகளின் குறியீடு ஹோமரின் கரும்பலகையில் இருந்தது, அதுவே போதுமான பெருமை.

சரி, பியூச்சராமாவுக்கு வருவோம். இதன் தலைமை எழுத்தாளராக கிரெய்னிங்கோடு சேர்ந்து பொறுப்பேற்றவர் இதே கோஹன். கீலரும் கூடவே போனார். கதை 31ஆம் நூற்றாண்டில் நடக்கிறது, ரோபோக்களும் வேற்றுக்கிரகவாசிகளும் உலவும் நியூயார்க்கில், அதனால் சிம்சன்ஸில் ஒளித்து ஒளித்துச் செய்ததை இங்கே இன்னும் தாராளமாகச் செய்ய முடிந்தது.

1999 டிசம்பரில் வந்த கிறிஸ்துமஸ் எபிசோடில், பெண்டர் என்ற ரோபோவுக்கு அவனைச் செய்த இயந்திரத் தாயிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். அதில் 1729ஆவது மகனுக்கு என்று எழுதியிருக்கும். விண்வெளிப் படைத் தளபதி ஜாப் பிரானிகனின் கப்பலில் பொறித்திருக்கும் பதிவு எண்ணிலும் 1729. 2003இல், பெட்டிகளுக்குள் வேறு வேறு பிரபஞ்சங்கள் இருக்கும் எபிசோடில், எல்லோரும் ஓடிப்போய் விழும் ஒரு பிரபஞ்சத்தின் எண்ணும் 1729.

தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் இந்த எண்ணை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லண்டனில் பட்னி என்ற இடத்தில் நோயாளியாகப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க, அவரைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த கணிதர் ஹார்டி போனார். தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவாரஸ்யமே இல்லாத எண் என்றார். இல்லை, அது மிகவும் சுவாரஸ்யமான எண், இரண்டு கனங்களின் கூடுதலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அதுதான் என்று ராமானுஜன் உடனே சொன்னார். 1³ + 12³ ஒரு விதம், 9³ + 10³ இன்னொரு விதம். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் நோய்ப்படுக்கையில் சொன்ன வார்த்தை, எண்பது வருடம் கழித்து அமெரிக்காவில் ஒரு ரோபோவின் வாழ்த்து அட்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் போட்டவர்கள் ராமானுஜனை நெஞ்சில் வைத்திருந்தவர்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு தடவை போட்டால் ஏதோ போட்டார்கள் என்று விடலாம், வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

விஷயம் 1729ஓடு நிற்கவும் இல்லை. 2000இல் வந்த ஓர் எபிசோடில் பெண்டரும் அவனைப் போலவே இருக்கும் ஃபிளெக்ஸோ என்ற ரோபோவும் சந்தித்து, தங்கள் வரிசை எண்களைச் சொல்லிக்கொண்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஃபிளெக்ஸோவின் எண் 3370318, பெண்டரின் எண் 2716057. பக்கத்தில் இருப்பவன் எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்க, இரண்டு எண்களையுமே இரண்டு கனங்களின் கூடுதலாக எழுதலாம் என்பான் பெண்டர். போட்டுப் பாருங்கள், 119³ஐ இரண்டு தடவை கூட்டினால் 3370318 வருகிறது. பெண்டரின் எண்ணுக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், 952³ஓடு மைனஸ் 951இன் கனத்தைக் கூட்ட வேண்டும், அப்போது சரியாக 2716057. அடுத்து, 2007இல் வந்த பியூச்சராமா முழுநீளப் படத்தில் ஒரு டாக்சி போகும், அதன் எண் 87539319. டாக்சி என்றதுமே புரிந்திருக்கும். இது இரண்டு கனங்களின் கூடுதலாக மூன்று விதத்தில் எழுதக்கூடிய மிகச்சிறிய எண்: 167³ + 436³, 228³ + 423³, 255³ + 414³. 1957இல்தான் ஜான் லீச் என்ற கணிதர் இதைக் கண்டுபிடித்தார். ஹார்டி ஏறி வந்த டாக்சியின் அடுத்த வண்டியை அனிமேஷனில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள்!

சிம்சன்ஸின் பொய்ச் சமன்பாட்டையும் பியூச்சராமாவின் 1729ஐயும் எல்லோரும் தனித்தனித் துணுக்குகளாகவே சொல்கிறார்கள், ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 9³ + 10³ என்பது 12³ + 1 இல்லையா? ஃபெர்மாவின் தேற்றத்தை ஒரே ஒரு எண்ணில் தவறவிட்ட சமன்பாடு அது. 9³ + 10³ = 12³ என்று வந்திருந்தால் தேற்றம் உடைந்திருக்கும், ஒன்று கூடிப் போய்விட்டது. ராமானுஜன் 1729ஐப் பற்றி டாக்சி எண்ணைக் கேட்ட நொடியில் யோசித்தார் என்று நாம் கதையாகச் சொல்கிறோம், ஆனால் அவர் இந்த வகை எண்களோடு நன்றாகவே பழகியிருந்தவர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த, தொலைந்த நோட்டுப் புத்தகம் என்று அழைக்கப்படும் ராமானுஜனின் கடைசிக் காலத் தாள்களில், ஒன்றே ஒன்று கூடியோ குறைந்தோ தவறிப்போகும் இத்தகைய சமன்பாடுகளை முடிவில்லாமல் உண்டாக்கும் வழியே இருக்கிறது. 135³ + 138³ = 172³ − 1 அவர் எழுதியதுதான். 791³ + 812³ = 1010³ − 1 அவர் எழுதியதுதான்.

1995இல் கோஹன் கணினியை வைத்துத் தேடியதும் இதைத்தான், கிட்டத்தட்டச் சரியாக வரும் எண்களை. அவர் பன்னிரண்டாம் அடுக்கில் தேடினார், ராமானுஜன் மூன்றாம் அடுக்கில், கணினி இல்லாமல், ஒன்றல்ல முடிவில்லாத அளவுக்கு எடுத்து வைத்தார். கோஹனின் சமன்பாடுகள் ஏமாற்றுவது கால்குலேட்டரை மட்டும்தான், விரித்துப் பார்த்தால் வித்தியாசம் முப்பது இலக்கத்துக்குக் குறையாமல் நீளும். ராமானுஜனுடையதில் வித்தியாசம் வெறும் 1.

இன்னும் சின்னச் சின்னதாக நிறைய இருக்கின்றன. பெண்டரின் வீட்டுக் கதவு எண் 00100100. அதை இரும எண்ணாகப் படித்தால் 36, கணினி எழுத்துக் குறியீட்டில் 36 என்பது டாலர் குறி. காசு ஆசை பிடித்த ரோபோவுக்குப் பொருத்தமான விலாசம். 2000இல் வந்த பேய் வீட்டு எபிசோடில் சுவரில் ரத்தத்தில் 0101100101 என்று எழுதியிருக்கும், பெண்டருக்கு ஒன்றும் புரியாது, கண்ணாடியில் அது தலைகீழாகத் தெரிந்ததும் அலறிக்கொண்டு ஓடுவான். திருப்பிப் படித்தால் 1010011010, அதாவது 666, பைபிளில் மிருகத்தின் எண். சிம்சன்ஸில் 2006இல் ஒரு பேஸ்பால் மைதானத்தில், எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று ஊகிக்கச் சொல்லித் திரையில் 8191, 8128, 8208 என்று மூன்று எண்கள் காட்டுவார்கள். முதலாவது 2¹³இலிருந்து ஒன்று குறைந்த பகா எண், இரண்டாவது அதைச் சரியாக வகுக்கும் சிறிய எண்களையெல்லாம் கூட்டினால் அதுவே வரும் எண், மூன்றாவதன் நான்கு இலக்கங்களையும் தனித்தனியே நான்காம் அடுக்குக்கு உயர்த்திக் கூட்டினால் திரும்ப 8208.

ரகசிய எழுத்துகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த தொடர்கள் பிடித்துக்கொண்ட வழி அதுதான். பியூச்சராமாவில் சுவர்களிலும் விளம்பரங்களிலும் வேற்றுக்கிரக எழுத்துகள் இருக்கும். முதல் வகை வெறுமனே ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு குறி, ரசிகர்கள் வந்த வேகத்திலேயே உடைத்துவிட்டார்கள். உடனே எழுத்தாளர்கள் கடினமான இரண்டாவது வகையைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண், அந்த எண்ணிலிருந்து அதற்கு முந்தைய குறியின் எண்ணைக் கழித்தால்தான் எழுத்து கிடைக்கும்.

2012இல் அலெக்ஸ் ஹிர்ஷ் தொடங்கிய கிராவிட்டி ஃபால்ஸ் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் ஒரு ரகசிய வரி வரும், தொடக்கப் பாடலின் கடைசியில் வரும் முணுமுணுப்பைப் பின்னோக்கி ஓட்டினால் மூன்று எழுத்து பின்னால் போ என்று கேட்கும், அதுதான் முதல் சில எபிசோடுகளுக்குச் சாவி. குழந்தைகள் பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஜூலியஸ் சீசர் பயன்படுத்திய குறியீட்டைத் தாங்களாகவே கற்றுக்கொண்டார்கள், எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஆனாலும் அந்தத் தொடரில் நான் மிகவும் மதிப்பது அந்த வரிகளை அல்ல. கதையில் வரும் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் சகோதரர் ஒருவர் இருக்கிறார், அவர் பெயர் ஸ்டான்ஃபோர்டு என்று கதை சொல்லிக்கொண்டே வரும், அவர் காரின் நம்பர் பிளேட்டில் மட்டும் உயிரெழுத்துகளை எடுத்துவிட்டு ஸ்டான்லிமொபைல் என்று இருக்கும். அவர் உண்மையில் யார் என்று கதையில் வெளிப்பட்டது 2015இல்.

பியூச்சராமாவில் இதற்கு நிகர் நிப்ளரின் நிழல். 1999 மார்ச்சில் வந்த முதல் எபிசோடில், கதாநாயகன் ஃபிரை நாற்காலியில் சாய்ந்து, உறைய வைக்கும் இயந்திரத்துக்குள் தவறி விழுந்து ஆயிரம் வருடம் கழித்து விழிக்கிறான், முழுத் தொடரும் அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் காட்சியில் மேசைக்கு அடியில் ஒரு சின்ன நிழல் தெரியும். நான்கு வருடம் கழித்து 2003இல்தான் சொன்னார்கள், அவன் தவறி விழவில்லை, நிப்ளர் என்ற அந்தச் சின்னப் பிராணி வேண்டுமென்றே தள்ளிவிட்டது என்று. நிழலை முதலிலேயே வரைந்து வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் உச்சம் 2010 ஆகஸ்டில் வந்த எபிசோடு, எழுதியவர் கென் கீலர். இரண்டு பேரின் மனத்தை உடம்பு மாற்றும் ஓர் இயந்திரம், ஆனால் ஒரு தடவை மாறிக்கொண்ட அதே இரண்டு உடம்புகள் மறுபடி நேரடியாக மாறிக்கொள்ள முடியாது. ஆளாளுக்கு மாறி மாறி எல்லாரும் குழம்பிப்போகிறார்கள். எப்படி எல்லோரையும் அவரவர் உடம்புக்குத் திருப்புவது? கதைக்கு விடை வேண்டும், கீலர் உட்கார்ந்து நிரூபித்தே விட்டார். எத்தனை பேர், எப்படிக் குழம்பியிருந்தாலும், இதுவரை மாறாத இரண்டு புது ஆட்களைக் கூட்டிவந்தால் போதும்.

சின்ன அளவில் நீங்களே செய்து பார்க்கலாம். அ, ஆ இருவர் மாறிவிட்டார்கள், புதிதாக வந்தவர்கள் க, ச. முதலில் அ உடம்பும் க உடம்பும் மாறட்டும், அடுத்து ஆவும் சவும், அடுத்து அவும் சவும், அடுத்து ஆவும் கவும். இப்போது அ, ஆ இருவரின் மனமும் சொந்த உடம்புக்கு வந்துவிட்டது, க, ச மட்டும் இடம் மாறி நிற்கிறார்கள். அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் இதுவரை மாறவில்லை என்பதால் கடைசியாக ஒரு மாற்று, எல்லாம் சரி. ஐந்து மாற்றில் எந்த ஜோடியும் இரண்டு தடவை வரவில்லை. எபிசோடில் கூடைப்பந்து வீரர்கள் இருவர் வந்து இதைத் தீர்த்துவைப்பார்கள், பொதுவான நிரூபணம் முழுவதும் பலகையில் எழுதியிருக்கும், நிறுத்திப் படிக்கலாம், ஒரு வரி பிசகில்லை. அந்த எபிசோடுக்கு அமெரிக்க எழுத்தாளர் சங்க விருது கிடைத்தது. 2014இல் அமெரிக்கன் மேத்தமேட்டிக்கல் மந்த்லி இதழில், அந்தத் தேற்றத்தை எடுத்துக்கொண்டு மேலும் வளர்த்து மூன்று கணிதர்கள் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள், தலைப்பிலேயே கீலரின் பெயர் இருக்கிறது.